வெள்ளிக்கிழமை இதழை யார் படிப்பது?

(மோகனூரில் இளைஞர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசும் இடத்தில் காப்புரிமைச் சட்டத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்டீர்கள். காப்புரிமை முகவர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தோழர்களும் இங்கே இருக்கிறீர்கள். அவர்களின் கேள்வி வேறு: "பிரிவு 11ஏ, விதி 24 இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் எப்படி நினைவில் வைப்பது?" இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த விதி எதற்காக வந்தது என்று புரிந்துவிட்டால் மனப்பாடம் தேவைப்படாது. அது எதற்காக வந்தது என்று பேசத் தொடங்கினால் சாதியைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது.

காப்புரிமைக்கு ஆங்கிலத்தில் பேட்டன்ட் என்று பெயர். அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அதன் பொருள் 'திறந்த' என்பது. யாரும் படிக்கும்படி மூடி முத்திரையிடாமல் அரசர் கொடுத்த கடிதத்துக்கு அந்தப் பெயர் இருந்தது. இன்றைக்கும் அதன் அடிப்படை ஓர் ஒப்பந்தம்தான். நீ கண்டுபிடித்ததை ஒளிக்காமல் ஊருக்குச் சொல். அதற்கு ஈடாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் அதை மற்றவர்கள் உன் அனுமதியின்றிச் செய்யவோ விற்கவோ முடியாதபடி சட்டம் உனக்குக் காவல் நிற்கும். காலம் முடிந்ததும் அது எல்லோருக்கும் பொது. இந்த ஒப்பந்தம் நியாயமாக நடக்கிறதா என்பது தனி விவாதம். ஆனால் அதன் முதல் நிபந்தனை, அறிவைத் திறந்து வை என்பது.

நம் சமூகத்தின் கதை இதற்கு நேர்மாறானது. வேதம் ஓதுவதைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொன்னது கௌதம தர்ம சூத்திரம். அறிவு பிறப்பால் பூட்டப்பட்டது. அந்தப் பூட்டுக்கு 20 ஆண்டு என்ற கெடு கிடையாது, எதிர்ப்பு மனு கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மின்சார மோட்டார் வருவதற்கு முன் இந்தக் கொங்குச் சமவெளியின் கிணற்றுப் பாசனம் கவலை ஏற்றத்தை நம்பி இருந்தது. மாடுகள் சரிவில் இறங்க, கிணற்றிலிருந்து தண்ணீர் மேலே வரும். அதற்கு வேண்டிய தோலைப் பதப்படுத்தி, ஒழுகாமல் தைத்து, கிழிந்தால் ஒட்டுப்போட்டுக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். எந்தத் தோல் நீரில் ஊறினாலும் அழுகாது, எந்தத் தையல் பாரம் தாங்கும் என்பது தலைமுறை தலைமுறையாகச் சோதித்துச் சேர்த்த தொழில்நுட்பம். அதற்குக் கிடைத்த கூலி களத்து மேட்டில் அளந்து போட்ட தானியம். அவர்கள் தைத்த தோல் கிணற்றுக்குள் இறங்கலாம். தைத்தவர் இறங்கினால் தீட்டு. அந்த அறிவை யாரும் அறிவு என்று எழுதி வைக்கவில்லை. அதைத் தொழில் என்றார்கள், பிறகு சாதி என்றார்கள்.

ஆக நம்மிடம் நடந்த பறிப்பு இரண்டு வகை. ஏட்டில் இருந்த அறிவு நமக்கு மறுக்கப்பட்டது. நம் கையில் இருந்த அறிவு ஏட்டில் ஏறவே இல்லை. காப்புரிமை விண்ணப்பம் வெளியிடப்படும் விதியை இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

ஒரு சிறு வரலாற்றுத் தகவல். இந்தியாவில் முதல் காப்புரிமைச் சட்டம் 1856இல் வந்தது. அந்த ஆண்டு கொல்கத்தாவில் டிபென்னிங் என்பவர் கொடுத்ததுதான் இந்நாட்டின் முதல் விண்ணப்பம். எதற்குத் தெரியுமா? பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு. துரை தூங்குவதற்காக இரவெல்லாம் கயிற்றை இழுத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாரே ஒரு கூலி, அவருடைய வேலையைச் செய்யும் இயந்திரம். முதல் விண்ணப்பத்திலேயே உழைப்பவரின் கை இருக்கிறது, அவர் பெயர் இல்லை.

சரி, விதிக்கு வருவோம். தேர்வு எழுதும் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காப்புரிமைச் சட்டம் 1970இல் இயற்றப்பட்டது. அதன் பிரிவு 11ஏ சொல்வது இது: குறிப்பிட்ட காலம் முடியும்வரை எந்த விண்ணப்பமும் பொதுமக்கள் பார்வைக்கு வராது. அந்தக் காலம் எவ்வளவு என்று விதி 24 சொல்கிறது: 18 மாதம். எந்த நாளிலிருந்து? விண்ணப்பித்த நாள், முன்னுரிமை நாள் இரண்டில் எது முந்தியதோ அதிலிருந்து. இங்கேதான் பலர் மதிப்பெண்ணை விடுகிறார்கள். காலம் முடிந்த பிறகு சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் வெளியிட வேண்டும். காப்புரிமை அலுவலகத்தின் இதழ் வெள்ளிக்கிழமை தோறும் இணையத்தில் வருகிறது. அதில்தான் இந்த வெளியீடு.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பெண் 2024 ஜனவரி 10 அன்று தற்காலிக விவரக்குறிப்புடன் விண்ணப்பிக்கிறார். முழு விவரக்குறிப்பைக் கொடுக்க அவருக்கு 12 மாதம் உண்டு. கடைசி நாளான 2025 ஜனவரி 10 அன்று கொடுக்கிறார். 18 மாதத்தை எதிலிருந்து எண்ணுவீர்கள்? முழு விவரக்குறிப்பு நாளிலிருந்து எண்ணினால் தவறு. முன்னுரிமை நாள் 2024 ஜனவரி 10. ஆகவே 18 மாதம் முடிவது 2025 ஜூலை 10. ஆகஸ்டு 10க்குள் இதழில் வர வேண்டும்.

அவ்வளவு நாள் காத்திருக்க விருப்பமில்லை என்றால் விதி 24ஏ இருக்கிறது. படிவம் 9 கொடுத்து முன்கூட்டியே வெளியிடக் கேட்கலாம். கேட்டதிலிருந்து சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். இணையவழியில் தனிநபருக்குக் கட்டணம் 2,500 ரூபாய், பெருநிறுவனத்துக்கு 12,500 ரூபாய்.

வெளியிடப்படாத விண்ணப்பங்கள் மூன்று வகை. ஒன்று, நாட்டின் பாதுகாப்பு தொடர்பானது என்று பிரிவு 35இன்படி இரகசிய ஆணை போடப்பட்டவை. இரண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு வராததால் கைவிடப்பட்டதாகக் கருதப்படுபவை. மூன்று, 18 மாதம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பதாரர் திரும்பப் பெற்றவை. நம் கணக்கில் அந்தக் கெடு 2025 ஏப்ரல் 10.

ஏன் 18? பாரிஸ் உடன்படிக்கையின்படி ஒரு நாட்டில் விண்ணப்பித்தவர் அதே முன்னுரிமையுடன் மற்ற நாடுகளில் விண்ணப்பிக்க 12 மாதம் உண்டு. அதற்கு மேல் அலுவலக வேலைக்காக ஆறு மாதம். இப்படி நினைவில் வைத்தால் மறக்காது.

வெளியீட்டில் என்னென்ன இருக்கும்? விண்ணப்பத்தின் நாள், எண், விண்ணப்பதாரரின் பெயர், முகவரி, கண்டுபிடிப்பின் சுருக்கம். அதன் பிறகு முழு விவரக்குறிப்பையும் வரைபடங்களையும் பொதுமக்கள் பார்க்கலாம். இங்கிருந்து இரண்டு பேருக்கு உரிமை பிறக்கிறது. விண்ணப்பதாரருக்கு, காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது போன்ற உரிமை வெளியீட்டு நாளிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் உண்மையில் வழங்கப்படும்வரை அவர் வழக்குப் போட முடியாது. இன்னொரு உரிமை, தோழர்களே, நமக்கு. பிரிவு 25, உட்பிரிவு 1. வெளியீட்டுக்குப் பிறகு, காப்புரிமை வழங்கப்படும் முன், 'எந்த நபரும்' எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். போட்டி நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர் என்று காட்ட வேண்டியதுகூட இல்லை. வெளியீட்டு நாளிலிருந்து ஆறு மாதம் முடியும்வரை காப்புரிமை வழங்கக் கூடாது என்பதும் விதி.

பிறப்பைக் கேட்காமல், படிப்பைக் கேட்காமல், 'எந்த நபரும்' என்று ஒரு சட்டம் சொல்வது சின்ன விஷயமில்லை. இது தொடக்கத்திலிருந்து இப்படி இருக்கவில்லை. முன்பெல்லாம் அலுவலகம் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்ட பிறகுதான் வெளியே தெரியும். 2002ஆம் ஆண்டுத் திருத்தம் 18 மாத வெளியீட்டைக் கொண்டுவந்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் எந்த நபரும் எதிர்க்கலாம் என்ற வழியை அமைத்தது.

அதனால் என்ன நடந்தது? நம் சென்னையிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்தின் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998இல் நோவார்ட்டிஸ் நிறுவனம் சென்னையில் விண்ணப்பித்தது. இந்திய மருந்து நிறுவனங்களோடு புற்றுநோயாளிகளுக்கான ஒரு உதவிச் சங்கமும் சேர்ந்து எதிர்ப்பு மனு கொடுத்தது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. நிறுவனம் விடவில்லை. சட்டப்பிரிவையே எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007இல் அங்கே தோற்றது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்றது. நிறுவனத்தின் மருந்து மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் அதே மருந்து சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். அந்த வித்தியாசத்துக்குள் எத்தனை உயிர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, காசநோய். நெரிசலான குடியிருப்பு, சத்தில்லாத உணவு, தூசி நிறைந்த வேலை இவற்றைத் தேடி வரும் நோய். அது யார் தெருவுக்கு அதிகம் வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கான பெடாகுவிலின் மருந்தின் மீதான ஏகபோகத்தை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் இன்னொரு விண்ணப்பம் போட்டிருந்தது. அந்நோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள், மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேயும், எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். இருவருமே சிகிச்சையின் பக்கவிளைவால் கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 'எந்த நபரும்' என்ற இரண்டு சொல்லுக்கு இவ்வளவு வலிமை.

ஆனால் எதிர்ப்பதற்கு முதலில் படிக்க வேண்டும். வெளியானது என்று தெரிய வேண்டும். இங்கேதான் என் கேள்வி தொடங்குகிறது. வெளியீடு என்கிறோமே, யாருக்கு வெளியிடுகிறார்கள்?

விதி 9ஐப் பாருங்கள். காப்புரிமை அலுவலகத்தில் தாக்கல் செய்யும் ஆவணங்கள், கட்டுப்பாட்டாளர் வேறுவிதமாக அனுமதித்தாலொழிய, இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். சென்னை கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. அதற்குத் தமிழ் தெரியாது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர், திருச்செங்கோட்டில் ரிக் வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி மாட்டும் மெக்கானிக், சேலத்தில் சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கு மாவைக் கையால் தொட்டே பதம் சொல்லும் தொழிலாளி, இங்கே மோகனூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். இவர்கள் தினமும் செய்யும் ஒன்றை யாரோ தன் கண்டுபிடிப்பு என்று விண்ணப்பித்தால் இவர்களுக்கு எப்படித் தெரியும்? ஈயம் காய்ச்சி ஊற்றாவிட்டாலும் காதில் விழாத மொழியில் சொன்னால் விளைவு ஒன்றுதான்.

அறிவு எந்த மொழியில் பதிவாகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று மஞ்சள் வழக்கு காட்டியது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். ஈரோட்டுச் சந்தையில் மூட்டை தூக்குபவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டத்தில், வெளிநாட்டில் ஒரு செயல் வழக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது; அச்சில் இருக்க வேண்டும். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் 32 எழுத்துச் சான்றுகளைத் தேடிக் கொடுத்த பிறகே, 1997இல் அது இரத்தானது. வேம்பு வழக்கு சற்று வேறு. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் கொடுத்த காப்புரிமையை 2000இல் இரத்து செய்தது. மேல்முறையீடும் 2005 மார்ச் 8 அன்று தள்ளுபடியானது. அங்கே ஓர் இந்திய உற்பத்தியாளர் நேரில் சொன்ன சாட்சியம் எடுபட்டது.

இதற்குப் பிறகு பாரம்பரிய அறிவுக்கான மின்னணு நூலகத்தை இந்திய அரசு 2001இல் தொடங்கியது. ஆயுர்வேதம், யுனானியோடு நம் சித்த மருத்துவ நூல்களும் அதில் உண்டு. எந்த மொழிகளில்? ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பான், ஸ்பானிஷ். வெளிநாட்டு ஆய்வாளர் படிக்க வேண்டும் என்ற நோக்கம் புரிகிறது. ஆனால் தமிழ் ஏட்டிலிருந்து எடுத்த அறிவைத் தமிழர் திறந்து பார்க்க வழியில்லாத நூலகமாகவே அது பல்லாண்டு இருந்தது. காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டுத் திறந்தார்கள். மற்ற பயனாளருக்கும் விரிவாக்க ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2022 ஆகஸ்டில்தான்.

இந்தியச் சட்டத்தில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. எதிர்ப்புக்கான காரணங்களில் ஒன்று, அந்தக் கண்டுபிடிப்பு ஏதேனும் உள்ளூர்ச் சமூகத்திடமோ பழங்குடிச் சமூகத்திடமோ ஏற்கெனவே இருக்கும் அறிவு என்பது. அது வாய்மொழியாக இருந்தாலும் செல்லும். ஏட்டில் ஏறாத அறிவுக்குச் சட்டம் கொடுத்த இடம் இது. கொல்லிமலையில் ஒரு மூதாட்டி சொல்லும் சொல் சான்றாகலாம். ஆனால் அந்த மூதாட்டிக்கும் கிண்டி அலுவலகத்துக்கும் நடுவில் ஒரு ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை இதழைப் படித்து, மலையேறிப் போய்க் கேட்டு, மனு எழுதத் தெரிந்த ஆள்.

அந்த ஆள் நீங்களாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் தேர்வைப் பற்றிப் பேசுகிறேன். பிரிவு 126 கேட்கும் தகுதி என்ன? இந்தியக் குடிமகனாக, 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். அறிவியல், பொறியியல், தொழில்நுட்பம் ஒன்றில் பட்டம் வேண்டும். தகுதித் தேர்வில் தேற வேண்டும். சட்டப் படிப்பு தேவையில்லை. முதல் தாள் சட்டமும் விதிகளும், 100 மதிப்பெண். இரண்டாம் தாள் விவரக்குறிப்பு எழுதுவதும் பொருள்கொள்வதும், 100 மதிப்பெண். வாய்மொழித் தேர்வு 50. ஒவ்வொரு தாளிலும் பாதி, மொத்தத்தில் 60 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. ஆண்டு தவறாமல் நடப்பதில்லை. ஆகவே அறிவிப்பு வரும்போது தயாராக இருக்க வேண்டும்.

இந்தத் தகுதிப் பட்டியலில் நம் இயக்கத்தின் உழைப்பு இருக்கிறது. இடஒதுக்கீடும், கிராமப்புற மாணவரைத் தடுத்த பொறியியல் நுழைவுத் தேர்வு ஒழிக்கப்பட்டதும், 2009இல் வந்த அருந்ததியர் உள்ஒதுக்கீடும் சேர்ந்துதான் இந்த மாவட்டத்தின் தெருக்களில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்கின. அந்த உள்ஒதுக்கீட்டை 2024 ஆகஸ்டு 1 அன்று உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. அந்தப் பொறியியல் பட்டத்தை வைத்துக்கொண்டு பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்கு அலையும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் இப்படி ஒரு கதவு இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அறிவுச் சொத்து, கார்ப்பரேட் வேலை என்றால் அது வேறு யாருக்கோ என்று நாமே ஒதுங்கிவிடுகிறோம்.

"காப்புரிமை என்பதே முதலாளிகளின் கருவி, அதற்கு நாம் ஏன் முகவராக வேண்டும்?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. காப்புரிமையால் பெரும் இலாபம் பார்ப்பது பெருநிறுவனங்கள்தான். மருந்து விலையில் அதை இப்போதுதான் பார்த்தோம். ஆனால் நிலப்பத்திரம் ஆதிக்கச் சாதியின் கருவி என்பதற்காக நாம் பத்திரம் படிக்காமல் இருந்தோமா? படிக்கத் தெரியாதவரிடமிருந்துதான் பஞ்சமி நிலம் பறிபோனது. கருவி யார் கையில் இருக்கிறது என்று பார்க்கவாவது அதைப் படித்தாக வேண்டும். 2024 மார்ச்சில் விதிகளைத் திருத்தினார்கள். அதுவரை கட்டணமில்லாமல் இருந்த எதிர்ப்பு மனுவுக்கு இப்போது கட்டணம் உண்டு. மனு விசாரணைக்கு உரியதா என்று கட்டுப்பாட்டாளர் முதலிலேயே முடிவு செய்வார். 'எந்த நபரும்' என்ற வாசல் மெல்லக் குறுகுகிறது. விதியைத் தெரிந்தவர்கள் நம்மில் இருந்திருந்தால் அப்போதே இங்கேயும் குரல் எழுந்திருக்கும்.

பட்டறையில் வேலை செய்யும் தோழர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புதிதாக ஒரு கருவி செய்தால் உடனே யூடியூபில் போட்டுவிடாதீர்கள். விண்ணப்பிக்கும் முன் நீங்களே வெளியிட்டுவிட்டால், புதியது என்ற தகுதி உங்கள் வாயாலேயே போய்விடும். அரசு அறிவித்த கண்காட்சி, அறிவியல் கழகத்தில் படித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு மட்டும் 12 மாத விலக்கு உண்டு. முதலில் தற்காலிக விவரக்குறிப்பு கொடுங்கள். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய்தான். நாள் கிடைத்துவிடும். பிறகு யோசிக்க ஓராண்டு இருக்கிறது. வணிகம் வேண்டாம், எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று நினைத்தால் தாராளமாக நாளும் பெயரும் போட்டு வெளியிடுங்கள். அதன் பிறகு வேறு யாரும் அதைத் தன்னுடையது என்று உரிமை கோர முடியாது. அச்சில் ஏற்றுவதும் ஒரு காவல்தான்.

கடைசியாக ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். இதழில் வரும் கண்டுபிடிப்புச் சுருக்கத்துக்கு விதி 13 ஓர் அளவு வைத்திருக்கிறது: 150 சொல்லுக்கு மிகக் கூடாது. வெறும் 150 சொல். தமிழ்நாட்டிலிருந்து கொடுக்கப்படும் விண்ணப்பங்களின் சுருக்கத்தையாவது தமிழிலும் வெளியிடு என்று கேட்போம். இது நடக்காத காரியமில்லை. பன்னாட்டு விண்ணப்பங்கள் இன்று பத்து மொழிகளில் வெளியாகின்றன. தமிழைப் போலவே ஏழெட்டுக் கோடிப் பேர் பேசும் கொரிய மொழி 2009இல் அந்தப் பட்டியலில் ஏறியது. ஒரு நாட்டின் அலுவலகம் தன் மக்களின் மொழியில் 150 சொல் அச்சிடுவது பெரிய செலவில்லை.

அது நடக்கும்வரை அந்த வேலையை நாம் தொடங்கலாம். இந்த வட்டத்தில் இருப்பவர்கள் துறையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மருந்து, ஒருவர் வேளாண்மை, ஒருவர் நெசவு, ஒருவர் கழிவுநீர் அகற்றும் இயந்திரங்கள். வாரம் ஒரு முறை இதழைத் திறந்து, நம் ஊர்த் தொழில்களைத் தொடும் சுருக்கங்களைத் தமிழில் எழுதி, அந்தத் தொழில் செய்பவரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். "இது நாங்கள் முப்பது வருடமாகச் செய்வதுதானே" என்று அவர் சொன்னால், அந்த இடத்தில் உங்கள் எதிர்ப்பு மனு தொடங்குகிறது. தேர்வுக்கு இதைவிட நல்ல பயிற்சியும் கிடையாது.

அடுத்த வெள்ளிக்கிழமை இதழ் வந்ததும் தொடங்குங்கள்.